குடையை மடக்கிய இடம்

ஜனவரி 17

பொங்கல் கரும்பின் பிசுபிசுப்பு கையை விட்டுப் போவதற்குள் மூட்டை முடிச்சோடு கடவூர்ப் பக்கம் வந்து சேர்ந்தாயிற்று. சரசு அக்கா வீட்டு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எந்தப் பக்கமும் மலை. கீழே அக்கா, மாடு, ஒரு டிவி.

நானும் ஜெனோவாவும் நிலவியல் துறையில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்கிறோம். எனக்குப் பாறை மாதிரிகளை உடைத்துக் கொண்டுபோய் ஆய்வகத்தில் பரிசோதிக்கும் வேலை. அவளுக்கு மலையில் எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படம் வரையும் வேலை. களத்துக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது துறையின் சட்டம். ஆகவே நான் அவளுக்குத் துணை, அவள் எனக்குத் துணை. மூன்று வருடமாகப் புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போட்டுக்கொண்டு சுற்றுகிறோம்.

அடுத்த மாதக் கடைசியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் கள அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம், 'பகிர்வு' என்று பெயர். எங்கள் பேராசிரியர் அருமைநாதன் சார் உத்தரவு. "தெனமும் நடந்தத எழுதி வையுங்கம்மா, அப்புறம் மேடையில ஏறி முழிக்காதீங்க" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. ஆராய்ச்சிக் குறிப்புக்கு வேறு நோட்டு இருக்கிறது. இது என் வயிற்றெரிச்சலுக்கு.

ஜனவரி 18

வேலை தொடங்கியது. ஜெனோவா திசைகாட்டியைப் பாறைமேல் வைத்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளவை உரக்கச் சொல்வாள். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவேன். திருப்பிச் சொல்லாமல் எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். என் சுத்தியலை அவள் பக்கத்தில் கொண்டுபோனாலும் கோபம் வரும், சுத்தியலின் இரும்பு திசைகாட்டி முள்ளை இழுத்துவிடுமாம். தெரியாதா எனக்கு?

ஆனால் கையளவு லென்ஸை எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள். ஒரு சில்லைக் கண்ணருகில் வைத்து, நான் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துத் தேடும் ஊசிக் கனிமத்தை வெயிலில் நின்றபடியே காட்டிக் கொடுத்தாள். பொறாமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் தண்ணீர் பாட்டிலை அவளுக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே நின்றேன். கண்டுகொள்ளவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். மகாராணிக்கு நேரே கொண்டுவந்து கும்பிட்டுக் கொடுக்க வேண்டும்போல.

ஜனவரி 21

சரசு அக்கா வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை ஜெனோவா உதைத்துக் கவிழ்த்தாள். மறுபடியும்.

ஜனவரி 24

இன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கிழக்குச் சரிவில் அருமையான பாறை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நல்ல மாதிரிகளாக எடுத்திருப்பேன். வெயில் சாயத் தொடங்கியதுமே ஜெனோவா கிளம்பிவிட்டாள். "போதும் வாடி, இருட்டிடும்."

"ஏட்டி, சூரியன் இன்னும் மலைக்கு மேலதானே நிக்கி. எங்க இருட்டுது?"

"நான் போறேன். நீ வர்றியா இல்லியா?"

தனியாக இருக்கக்கூடாதே. வந்தேன். இறங்கும்போது என் முதுகுப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் என்ன பேருந்தா? அப்படியும் ஒரு புளியங்கிளையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். கிளை ஒன்றும் ஒளிந்து நிற்கவில்லை. நான் குனிந்து போனதைப் பார்த்தும் குனியாமல் வந்தாள் என்றால் மனசு இங்கே இல்லை என்று அர்த்தம்.

காதல்தான். சந்தேகமே இல்லை. சாயங்காலமானால் ஒரு போன் வருகிறது, மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய்க் குசுகுசுவென்று பேசுகிறாள். கேட்டால் மணப்பாறையிலிருந்து அண்ணன் என்கிறாள். எந்த அண்ணன் தங்கையிடம் தினமும் இவ்வளவு பேசுகிறான்? என் அண்ணன் என்னிடம் கடைசியாகப் பேசியது சார்ஜர் எங்கே என்று கேட்பதற்கு.

ஜனவரி 26

குடியரசு தினம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வனக்காவலர் ஒருவர் எங்களைத் தேவாங்கு பார்க்கக் கூட்டிப்போனார். இந்த மலைக்காட்டில் தேவாங்குகள் நிறைய. கைவிளக்கில் சிவப்புத் தாள் கட்டி, முள்மரத்துக்குள் அடித்தார். இரண்டு கண்கள் தணல் மாதிரி மின்னின. அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்த விதம் இருக்கிறதே, எனக்கு வாயடைத்துப் போயிற்று.

"தெரியுதுங்களா?" என்றார் காவலர்.

"ம், சூப்பரா இருக்கு" என்றாள் ஜெனோவா. அவள் முகம் பக்கத்து மரத்தைப் பார்த்திருந்தது.

ஒரு வாரமாகத் தேவாங்கு தேவாங்கு என்று அரித்தெடுத்தவள் இவள்தான். காட்டும்போது ஏனோதானோவென்று நிற்கிறாள். திரும்பும்போது கால் வலி என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஜனவரி 30

என் மாதிரிகளைக் கழுவி, எண் எழுதி, சாக்கில் கட்டினேன். ஜெனோவா கீழே மசால் அரைக்கும் சத்தத்தைத் திட்டியபடி தன் படத்துக்கு மை போட்டாள்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்க வேண்டும்: நிலவியல் படத்தில் கோடு என்பது சத்தியம் மாதிரி. பாறையின் எல்லையை உன் கண்ணால் பார்த்திருந்தால் முழுக்கோடு போடலாம். பார்க்காமல், இப்படித்தான் போகும் என்று ஊகித்தால் விட்டு விட்டுக் கோடு போட வேண்டும். ஊகிப்பது குற்றமில்லை. ஊகித்ததற்கு முழுக்கோடு போடுவதுதான் குற்றம். சார் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார், சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

ஜெனோவாவின் படம் அழகு. எதிர்மலையில் வெள்ளைப் பாறைப் பட்டைகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் தண்டவாளம் போல ஓடுகின்றன. எல்லாமே முழுக்கோடு. அந்த மலையை அவள் எதிரே உள்ள ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்து வரையும்போதெல்லாம் நான் கீழே ஓடையில் கல் உடைத்துக்கொண்டிருப்பேன். அவள் படத்தில் நான் தலையிடுவதில்லை.

பிப்ரவரி 4

சார் வந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

ஜீப்பிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நான் ஓடினேன். ஜெனோவா நின்ற இடத்திலேயே நின்றாள். "என்னம்மா, கைகாட்டினா கூட மரியாத இல்லயா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

மூவரும் மேட்டில் ஏறினோம். சார் அவள் படத்தை விரித்தார். எதிர்மலையைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா ரெண்டு பட்ட?"

"ரெண்டும் இருக்கு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

நானும் அப்போதுதான் அந்த மேட்டிலிருந்து முதன்முறையாக மலையை முழுதாகப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை இந்தப் பக்கமாக ஏறி, உச்சிக்குக் கீழே கொண்டை ஊசி போல வளைந்து, அந்தப் பக்கமாக இறங்குகிறது. இரண்டு பட்டையே இல்லை. ஒரே பட்டை, போர்வையை மடித்ததுபோல மடிந்து கிடக்கிறது. இதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். மாடு மேய்க்க வந்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

"மடிப்போட மூக்கு தெரியுதாம்மா? அந்த வளைவு?"

ஜெனோவா மலையின் வேறொரு கோடியைப் பார்த்தாள்.

"நீ இங்க வரவே இல்ல. டீக்கடையில உக்காந்து வரஞ்சிருக்க. முழுக்கோடு வேற." அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சோம்பேறித்தனத்தக் கூட மன்னிச்சிருவேன். பாக்காதத பாத்தேன்னு சொல்றத எப்படிம்மா மன்னிக்கிறது?"

நான் குறுக்கே போனேன். "சார், அவ தெனமும் வந்தா. நான் கூடவே இருந்தேன்."

"நீ கீழ இருந்தம்மா."

ஜெனோவா தரையைப் பார்த்தபடி, "சாரி சார், சோம்பேறித்தனம்தான்" என்றாள்.

பத்தாம் தேதிக்குள் புதுப் படம் வர வேண்டும். இல்லாவிட்டால் இந்த மலை வேறு மாணவருக்குப் போய்விடும், மூன்று வருட உழைப்பும் அதோடு போகும். ஜீப் போனதும் அவளைப் பிடித்து உலுக்கினேன். வெயிலில் மாடாய் உழைத்துவிட்டுச் சோம்பேறி என்று ஏன் ஒத்துக்கொண்டாள்? என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 5

அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இட்லி, தக்காளிச் சட்னி.

பிப்ரவரி 6

விட்டுவிட எனக்கு மனசில்லை. காலையிலேயே அவளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இங்க பாரு, ஏட்டி. அந்த ஒத்த வேப்பமரம் நிக்குல்லா, அதுக்கு மேலதான் வளையுது."

"எந்த வேப்பமரம்?"

"மலையில மரமே அது ஒண்ணுதான் நிக்கி."

அவள் பார்த்தாள். பார்த்தாள் என்று எழுதுவது சரியில்லை, தேடினாள். தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்பினாள், கொஞ்சம் ஏற்றினாள், திரும்ப ஆரம்பத்துக்கு வந்தாள். சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து அறைக்குள் எதையோ தேடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் முகத்துக்குப் பக்கத்தில், காதோரம், என் கையை ஆட்டினேன். அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெனோ."

"ம்."

"என் கை எங்க இருக்கு?"

அவள் அழுதாள். மூன்று வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சுற்றுப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருகிறதாம். நடுவில் வட்டமாக ஓர் இடம் மட்டும் தெளிவாக இருக்கிறது, அதனால்தான் திசைகாட்டி, லென்ஸ் வேலையெல்லாம் தடங்கல் இல்லாமல் நடக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் அதுவும் இல்லை. அவள் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவர் வெள்ளைக்கோலோடு வங்கிக்குப் போகிறார். தினமும் போன் செய்து, இன்றைக்கு எவ்வளவு தெரிந்தது என்று கேட்பவர் அவர்தான். மருந்து இல்லை. மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலும் பார்த்தாகிவிட்டது.

"மலைய முழுசா ஒரே தடவயில பாத்து ஒரு வருசம் ஆச்சுடி. துண்டு துண்டாத்தான் தெரியும். நான் ஒட்டிக்குவேன். இந்தத் துண்டு ரெண்டையும் தப்பா ஒட்டிட்டேன்."

"சார்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. அவரு உன்னய பொய்க்காரின்னு சொல்லுதாரு, நீ கேட்டுட்டு நிக்க."

"சோம்பேறின்னு நெனச்சா திட்டிட்டு நாளைக்கும் களத்துக்கு அனுப்புவாரு. கண்ணு தெரியலன்னா அனுப்புவாரா?"



பிப்ரவரி 7

துணி துவைத்தேன். மழை வரும்போல இருந்து வரவில்லை.

செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, மற்றதில் அதை வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். முதல் திருப்பத்திலேயே சுவரில் இடித்தேன். கடைசிப் படியில் தண்ணீர்க் குடம். உருண்டது.

"என்ன தாயி, உனக்குமா புடிச்சிருச்சு?" என்று சரசு அக்கா சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகாராணி என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

பிப்ரவரி 8

அசையாத மலையில்தான் அவளுக்குத் தேட முடியவில்லை. அசைகிற ஒரு பொருள் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அகப்பட்டுவிட்டால் அதை விடாமல் பின்தொடர முடியும் என்றாள். அப்படியானால் நான் அந்தப் பட்டைமேலேயே நடக்கிறேன் என்றேன். சரசு அக்காவிடம் சிவப்புக் குடை ஒன்று இருந்தது. "மழையே இல்லியே புள்ளைங்களா" என்றபடி கொடுத்தார்.

அவளை மேட்டில் உட்கார வைத்தேன். மடியில் பலகை, பலகையில் தாள். நான் எதிர்மலைக்குப் போய் வெள்ளைப் பட்டையின் அடியில் நின்று குடையை விரித்தேன். காதில் போன்.

"தெரியுதா?"

"இரு... தேடுறேன்... ஆ, புடிச்சிட்டேன்டி! புடிச்சிட்டேன். நட."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது? திருவிழாவில் தொலைந்த குழந்தையைக் கண்டுபிடித்தவள் மாதிரி கத்தினாள். நான் நடந்தேன். வெள்ளைப் பாறையை விட்டு ஒரு காலும் வெளியே வைக்காமல் ஏறினேன். முள் கிழித்தது. நான் நின்றால் "ஏன் நின்னுட்ட?" என்பாள், திரும்பினால் "இடது பக்கம் திரும்புறியா?" என்பாள். சரியாகச் சொன்னாள், ஒவ்வொன்றும் சரியாகச் சொன்னாள். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒற்றை வேப்பமரத்துக்கு வந்ததும் மலைமுகட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. குடை என்னையே தூக்கிவிடும்போல இருந்தது. கம்பி ஒன்று வளைந்தது. மரத்தடியில் நின்று குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தேன். என் சட்டை காக்கி, காய்ந்த புல்லின் நிறம். கொஞ்சம் பொறு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள், "தெரியுது, நீ நட" என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியுதுடி. வளைவுல போற. நட."

குடையை மடக்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள்? நடந்தேன். வளைவைச் சுற்றி, அந்தப் பக்கமாக இறங்கி, பட்டை முடியும் இடம்வரை குடையை விரிக்காமலே நடந்தேன். வழியெல்லாம் "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சிரிப்பு மட்டும் இல்லை.

பிப்ரவரி 9

படத்துக்கு மை போட்டுச் சுருட்டிக் குழாயில் அடைத்துவிட்டாள். எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. வளைவு சரியாகத்தான் இருக்கும், நான் நடந்தது சரி. ஆனால் பாதி வழியை அவள் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கும் முழுக்கோடு போட்டிருந்தால் அது பொய், தெரிந்தே போட்ட பொய். சாரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா? அவளிடமே கேட்டுவிடலாம் என்றால் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சரசு அக்காவுக்குக் குடைக் கம்பியை நேராக்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 10

ஊர் திரும்பினோம். படத்தைச் சாரின் அறையில் அவளே கொடுத்தாள். நான் வராண்டாவில் நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவளிடம் என்ன ஆச்சு என்றேன். "பகிர்வு அன்னிக்குச் சொல்றேன்டி" என்றாள்.

பிப்ரவரி 27

இன்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கான பகிர்வு. வடை, டீ எல்லாம் உண்டு. சிலர் பாம்பு பார்த்த கதை சொன்னார்கள், ஒருவன் ஜீப் சேற்றில் மாட்டியதை நடித்தே காட்டினான். எனக்கு முன்னால் ஜெனோவாவின் முறை. சுவரில் தன் படத்தை ஒட்டினாள். வெள்ளைப் பட்டை, கொண்டை ஊசி வளைவு. நான் கடைசி வரிசையில் இருந்தேன், கோடு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அக்கா, இந்தப் பக்கம் முழுக்கோடு போட்டிருக்கீங்க, அப்புறம் விட்டு விட்டுப் போட்டிருக்கீங்க. அங்க பாறய மண்ணு மூடியிருக்காக்கா?"

"இல்லம்மா. பாறை வெட்டவெளியிலதான் கெடக்கு. நான்தான் பாக்கல. எனக்கு அதுவரைக்கும்தான் தெரிஞ்சுது."

"பாக்காம எப்படிக்கா வரைஞ்சீங்க?"

"என் தோழி அந்தப் பட்டைமேல நடந்தா. அவ பாறைய விட்டு எறங்க மாட்டான்னு நம்பி வரைஞ்சேன்."

அப்புறம் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாள். திசைகாட்டி வைக்கும் விதத்தைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். மலை அவளுடையதாகவே இருக்கும், படம் ஏற்கப்பட்டது. ஆனால் இனி களத்துக்குப் போக மாட்டாள், லென்ஸும் நுண்ணோக்கியும் கொண்டு ஆய்வகத்திலேயே முடிப்பாள். அடுத்த பயணத்துக்கு எனக்கு வேறு துணை. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி முழித்தேன். இத்தனை பக்கம் எழுதியும் ஒரு வார்த்தை வரவில்லை. ஜெனோவா முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலி காலியா என்று கையால் தடவிப் பார்த்து, அதன்மேல் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் டீக்குப் போனபின் படத்துக்கு அருகில் போய்ப் பார்த்தேன். முழுக்கோடு அடிவாரத்திலிருந்து ஏறி ஒரு சின்ன மரக்குறியில் நிற்கிறது. அங்கிருந்து விட்டு விட்டுப் போகிறது. அந்த ஒற்றை வேப்பமரம். அங்கேதான் நான் குடையை மடக்கினேன். அதை அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.